ஆர்.சி. மாப்பிள்ளை, சி.எஸ்.ஐ. பெண்: மறுபடியும் ஞானஸ்நானம் எடுக்கத்தான் வேண்டுமா?

சென்னையிலிருந்து வாசகி ஒருவர் எழுதியுள்ள நீண்ட கடிதத்தின் சாரம் இது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு வயது 28. பெரம்பூரில் வசிக்கும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை என்னும் புராட்டஸ்டன்ட் சபை) குடும்பம், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அப்பா சபைக் கமிட்டியில் இருக்கிறார். மகள் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறார். உடன் வேலை பார்க்கும் ராயபுரத்து இளைஞர் ஒருவரைத் திருமணம் செய்துகொள்ள விரும்புகிறார். அந்த இளைஞர் ரோமன் கத்தோலிக்கர் (ஆர்.சி.). அவருடைய அம்மா தினமும் மாலையில் ஜெபமாலை சொல்பவர், பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோவில் கொடியேற்றத்தைத் தவறவிடாதவர். 'பெண் எங்கள் முறையில் மறுபடியும் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டால் எல்லாம் சுலபமாகிவிடும்' என்கிறார் அந்த அம்மா. 'சிலையையும் மாதாவையும் கும்பிடுகிறவர்கள், நற்கிரியை செய்தே மோட்சம் போகலாம் என்று நம்புகிறவர்கள். அவர்களிடம் விவாகரத்தும் கிடையாது, நாளைக்கு ஒன்றென்றால் உன் கதி என்ன?' என்கிறார் பெண்ணின் அப்பா. காலையில் ஒரு கோவிலிலும் மாலையில் மற்றொரு கோவிலிலுமாக இரண்டு முறை தாலி கட்டிவிடலாம் என்பது மாமாவின் யோசனை. பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்ப்பதாக வாக்குறுதி எழுதித் தர வேண்டும் என்று பங்குத்தந்தை சொல்லியிருக்கிறார். அந்த இளைஞரோ, 'எல்லாம் ஒரே இயேசுதானே, இப்போதைக்குக் கையெழுத்துப் போடுவோம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்கிறாராம். இரு தரப்பு நம்பிக்கைகளும் உண்மையில் எவ்வளவு தூரம் வேறுபடுகின்றன, தன் உரிமை என்ன, எதற்கு ஒப்புக்கொள்ளலாம் என்பவை வாசகியின் கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

நீங்கள் ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா என்று என்னையும் கேட்டிருக்கிறீர்கள். அதைச் சொன்னால் இரண்டில் ஒரு வீடு இந்தப் பதிலைப் படிக்காமலே மடித்து வைத்துவிடும் என்பதால், அந்தக் கேள்வியை மட்டும் விட்டுவிடுகிறேன்.

'நல்லவேளை, இரண்டு வீடும் ஒரே சாதி' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி எனக்கு உறுத்தியது என்றாலும் ஒன்று தெளிவானது. சபை வேறு என்று சொல்லி என்னிடம் வரும் வழக்குகள் பலவற்றில், கொஞ்சம் தோண்டினால் உள்ளே இருப்பது சாதிதான். உங்கள் வீட்டில் அது இல்லையென்றால், பெரியவர்கள் பேசுவது நிஜமாகவே விசுவாசத்தைப் பற்றித்தான். ஆகவே அதை 'எல்லாம் ஒன்றுதான்' என்று தட்டிக்கழிக்காமலும், 'அவர்கள் வேறு மதம்' என்று ஊதிப் பெருக்காமலும் பார்ப்போம்.

முதலில் ஞானஸ்நானம்

மறுபடியும் எடுக்க வேண்டியதில்லை. கத்தோலிக்கத் திருச்சபையே அதை அனுமதிப்பதில்லை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் தண்ணீரால் கொடுக்கப்பட்ட ஞானஸ்நானம் ஒருவருக்கு வாழ்வில் ஒரே முறைதான் என்பது அவர்களுடைய போதனை. உங்கள் சபையில் குழந்தைப் பருவத்தில் நீங்கள் பெற்ற ஞானஸ்நானம் அந்த வகையில் செல்லுபடியானது. சபைப் பதிவேட்டிலிருந்து சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால் போதும். நீங்களாகவே மனமுவந்து கத்தோலிக்கராக விரும்பினாலும், விசுவாச அறிக்கை செய்து அந்தத் திருச்சபையில் சேர்த்துக்கொள்ளப்படுவீர்களே தவிர, திரும்பத் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். அப்படிச் சேர்வதும் திருமணத்திற்கு நிபந்தனை அன்று. கத்தோலிக்கர் ஒருவர் ஞானஸ்நானம் பெற்ற மற்றொரு சபையாரை மணக்க ஆயரின் (பிஷப்பின்) அனுமதி வேண்டும். சென்னை–மயிலை உயர்மறைமாவட்டத்திடமிருந்து அதைப் பங்குத்தந்தை வழியாகப் பெறுவது மாப்பிள்ளையின் வேலை. அவருடைய அம்மா சொன்னது கெட்ட எண்ணத்தில் அன்று. அந்தத் தலைமுறையில் 'சேர்த்துக்கொண்டு கட்டிவைப்பது' சாதாரணமாக நடந்தது. அதையே சட்டம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நம்பிக்கையில் எது பொது, எது வேறு

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடன் திருப்பலிக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். பாவ அறிக்கை, பழைய ஏற்பாட்டு வாசகம், நிருபம், சுவிசேஷம், பிரசங்கம், விசுவாசப் பிரமாணம், மன்றாட்டு, அதன்பின் அப்பமும் ரசமும் என்று அடுத்தடுத்து வருவது என்னவென்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். 1947 செப்டம்பர் 27 அன்று நம் கதீட்ரல் சாலையிலுள்ள செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிடீரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் இணைந்து பிறந்தது உங்கள் திருச்சபை. ஆயர்களையும் பழைய வழிபாட்டு ஒழுங்கையும் அது கைவிடவில்லை. ஆராதனையில் ஒருவர் இரு கைகளையும் குவித்து நீட்ட, அடுத்தவர் அவற்றைத் தம் இரு கைகளுக்குள் வாங்கிச் சமாதானத்தைப் பரிமாறிக்கொள்ளும் வழக்கம் இருக்கிறதல்லவா? 1950இல் சி.எஸ்.ஐ. தன் வழிபாட்டு முறையில் அதைச் சேர்த்தபோது உலகின் பல சபைகள் அதை வியப்போடு கவனித்தன. இன்று கத்தோலிக்கத் திருப்பலியிலும் மக்கள் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். திரித்துவம், கிறிஸ்துவின் மனிதப் பிறப்பு, சிலுவை மரணம், உயிர்த்தெழுதல் ஆகிய அடிப்படைகளில் இரு வீட்டுக்கும் இடையே ஒரு சொல் வேறுபாடும் கிடையாது.

நற்கிரியையால் இரட்சிப்பு என்ற உங்கள் அப்பாவின் குற்றச்சாட்டு, 1517இல் மார்ட்டின் லூதர் எழுப்பிய விவாதத்தின் தொடர்ச்சி. அந்த விவாதம் அங்கேயே நின்றுவிடவில்லை. நாம் தேவனால் ஏற்றுக்கொள்ளப்படுவது நம் தகுதியால் அன்று, கிருபையால் மட்டுமே என்று கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. 2006இல் உலக மெதடிஸ்ட் கவுன்சிலும் அதில் இணைந்தது. எல்லா நுணுக்கங்களும் தீர்ந்துவிட்டன என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'அவர்கள் கிரியைக்காரர்கள்' என்று இனி யாரும் ஒரே வரியில் முடித்துவிட முடியாது. வேதாகமத்தில் உங்களுக்கு 66 புத்தகங்கள், அவர்களுக்கு 73. தோபித்து, யூதித்து, மக்கபேயர் போன்றவை கூடுதல். வீட்டில் சேர்ந்து வாசிக்க, இரு தரப்பு அறிஞர்களும் கூடி மொழிபெயர்த்து 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு இருக்கிறது. போப்பாண்டவரின் அதிகாரம் பெரிய வேறுபாடுதான் என்றாலும் உங்கள் அடுக்களை வரை அது வராது.

மாதா விஷயம் வரும். அதை நிதானமாகப் பார்ப்போம். ஆராதனை தேவனுக்கு மட்டுமே உரியது, மரியாளுக்கும் புனிதர்களுக்கும் செலுத்துவது வணக்கம் என்று கத்தோலிக்கப் போதனை பிரித்தே சொல்கிறது. எனவே உங்கள் அப்பா சொல்வதுபோல் அது விக்கிரக ஆராதனை அன்று. (சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் 1680இல் ஆங்கிலேயர் கட்டி முடித்த புராட்டஸ்டன்ட் ஆலயத்திற்கே செயின்ட் மேரீஸ் என்றுதான் பெயர்; அது இன்றும் சி.எஸ்.ஐ. ஆலயம் என்பதை அப்பாவுக்கு நினைவூட்டலாம்.) அதற்காக வேறுபாடே இல்லை என்றும் சொல்ல முடியாது. மரியாள் ஜென்மப் பாவமின்றி உற்பவித்தார் என்று 1854இலும், ஆன்மாவோடும் உடலோடும் விண்ணகத்திற்கு எடுத்துக்கொள்ளப்பட்டார் என்று 1950இலும் கத்தோலிக்கத் திருச்சபை விசுவாசக் கோட்பாடுகளாக அறிவித்தது. உங்கள் சபை இவ்விரண்டையும் போதிப்பதில்லை. தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தர் ஒருவரே என்ற பவுலின் வசனத்தைப் பிடித்துக்கொண்டு, இறந்த பரிசுத்தவான்களிடம் பரிந்துரை கேட்பதைப் புராட்டஸ்டன்ட் மரபு ஏற்பதில்லை.

இது உங்கள் வாழ்வில் மாலை ஏழு மணிக்கு வந்து நிற்கும். மாமியார் ஜெபமாலையை எடுப்பார், வீட்டார் உட்காருவார்கள், நீங்கள் என்ன செய்வீர்கள்? 'அருள் நிறைந்த மரியே வாழ்க' என்று தொடங்கும் அந்த ஜெபத்தின் முற்பகுதி ஏறக்குறைய முழுவதும் லூக்கா முதலாம் அதிகாரம். காபிரியேலும் எலிசபெத்தும் சொன்ன வார்த்தைகள். அதைச் சொல்ல உங்கள் மனச்சாட்சிக்குத் தடை இருக்காது. 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்ற பிற்பகுதியில்தான் உங்கள் போதனை குறுக்கே நிற்கும். உடன் உட்கார்ந்திருந்து அந்த இடத்தில் மௌனமாக இருப்பதில் அவமரியாதை எதுவுமில்லை. ஆனால் அப்படித்தான் இருப்பேன் என்பதைத் திருமணத்திற்கு முன்பே, மாப்பிள்ளையை விட்டுச் சொல்லாமல், நீங்களே அந்த அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளும் இதே போன்றதுதான். கீழ்ப்பாக்கம் கல்லறைக்கு இரு சபையாரும்தான் பூவோடும் மெழுகுவர்த்தியோடும் போகிறார்கள். இறந்தவரின் ஆன்மா இளைப்பாற்றிக்காக ஜெபிப்பது கத்தோலிக்கருக்குக் கடமை, உங்களுக்கு அது நினைவுகூர்தல்.

உண்மையில் வலிக்கப்போகிற இடம் நற்கருணை. அங்கே அப்பமும் ரசமும் கிறிஸ்துவின் சரீரமாகவும் இரத்தமாகவும் மாறுகின்றன என்பது கத்தோலிக்க விசுவாசம். திருவிருந்தில் கிறிஸ்து பிரசன்னமாகிறார் என்று உங்கள் சபையும் விசுவசிக்கிறது, ஆனால் அது எப்படி என்பதற்கு அந்த வரையறையைத் தருவதில்லை. இதனால் சாதாரணமாக நீங்கள் அங்கே நற்கருணை வாங்க முடியாது. மரண ஆபத்து போன்ற அவசரங்களுக்கு விதிவிலக்கு உண்டு. அதன் வாசல் மிகக் குறுகியது. உங்கள் சபையின் பந்தி பிற சபைகளின் நற்கருணை உறுப்பினர்களை வரவேற்கும் என்றாலும், அதில் பங்குபெற அவருடைய திருச்சபை அவரை அனுமதிப்பதில்லை. பல கலப்புத் தம்பதிகள் ஞாயிறுதோறும் ஒருவர் எழுந்து போக மற்றவர் இருக்கையிலேயே இருப்பதைத்தான் தங்கள் பெரிய வருத்தமாகச் சொல்கிறார்கள். கல்யாண நாளிலேயே அதைத் தொடங்க வேண்டாம். திருப்பலியோடு திருமணம் வைத்தால், மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக எழுந்து போக, உங்கள் அப்பாவும் சித்தப்பாக்களும் சபையாரும் முழு மண்டபத்தின் முன் உட்கார்ந்திருக்க நேரும். கலப்புத் திருமணங்களுக்குத் திருப்பலி இல்லாத, இறைவார்த்தை வழிபாட்டோடு கூடிய சடங்கு முறை இருக்கிறது. அதையே கேட்டு வாங்குங்கள்.

அந்த வாக்குறுதி

இதில் உங்களுக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. கையெழுத்துப் போட வேண்டியவர் நீங்கள் அல்லர். 1917ஆம் ஆண்டின் பழைய திருச்சபைச் சட்டம் இருவரிடமும் வாக்குறுதி கேட்டது. 1970இல் போப் ஆறாம் பவுல் அதைத் தளர்த்தினார். இப்போது நடைமுறையிலுள்ள 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கத்தோலிக்கத் தரப்பு மட்டும், தன் விசுவாசத்தைக் காத்துக்கொள்வதாகவும், பிள்ளைகள் அனைவரும் கத்தோலிக்கத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்று வளரத் தன்னால் இயன்ற அனைத்தையும் செய்வதாகவும் வாக்களிக்கிறது. மற்றவருக்கு அது தெரிவிக்கப்பட வேண்டும், அவ்வளவுதான். உங்கள் முன்னால் ஒரு தாளை நீட்டினால், 'எனக்குத் தெரிவிக்கப்பட்டது' என்று சொல்கிறதா, 'நான் சம்மதிக்கிறேன்' என்று சொல்கிறதா என்பதை வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

'இயன்ற அனைத்தும்' என்பது விளைவுக்கான உத்தரவாதம் அன்று. உங்கள் மனச்சாட்சியையும் மண வாழ்வையும் உடைத்தாவது நிறைவேற்று என்று அதற்குப் பொருள் கொள்ள முடியாது. அது திருச்சபையின் முன் கொடுக்கும் வாக்கு. பிள்ளையை உங்களிடமிருந்து எடுத்துக்கொடுக்கும் ஒப்பந்தம் அன்று. பிள்ளையைப் பற்றி நீதிமன்றத்திற்குப் போகும் நிலை வந்தாலும், 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின்படி அங்கே முதன்மையாகப் பார்க்கப்படுவது பிள்ளையின் நலன்.

ஆனால் சட்டம் கட்டுப்படுத்தாது என்பதால் வாக்குறுதி வெற்றுத்தாள் ஆகிவிடாது. உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் கவலைப்படுத்தியது அப்பாவின் கோபமோ மாமியாரின் நிபந்தனையோ அன்று. 'இப்போதைக்குக் கையெழுத்துப் போடுவோம்' என்ற அவருடைய வாக்கியம்தான். மனதில் இல்லாததை அவர் ஆயரிடம் எழுதிக் கொடுத்தால் அது பொய். மனதில் இருப்பதை உங்களிடம் மறைத்தால் அது அதைவிடப் பெரிய பொய். முதல் குழந்தை பிறந்த நாற்பதாம் நாள் இரு பாட்டிகளும் ஆளுக்கொரு கோவிலில் தேதி கேட்டுக்கொண்டு நிற்கும்போது, 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்ற அந்த அப்புறம் வந்துவிட்டிருக்கும். குழந்தைக்கு எங்கே ஞானஸ்நானம், முதல் நற்கருணையா திடப்படுத்தலா, ஞாயிறு பள்ளியா மறைக்கல்வியா என்பதை இப்போதே பேசுங்கள். கத்தோலிக்க ஞானஸ்நானத்திற்கு நீங்கள் சம்மதித்தாலும், தாயின் வேதாகம வாசிப்பையும் பாட்டையும் பிள்ளை கற்றுக்கொள்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. சம்மதம் இல்லையென்றால் அதையும் சொல்லிவிடுங்கள். அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது பங்குத்தந்தையிடம் மறைக்க வேண்டாம்.

எங்கே, எத்தனை முறை

மாமாவின் இரட்டைக் கல்யாண யோசனை நடக்காது. ஒரே திருமணத்திற்கு இரண்டு சமயச் சடங்குகளில் சம்மதம் கொடுப்பதைக் கத்தோலிக்கச் சட்டம் வெளிப்படையாகத் தடுக்கிறது. இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, கத்தோலிக்கக் கோவிலில் திருமணம். உங்கள் சபைப் போதகரை அழைத்து அவர் வேதம் வாசிக்கவும் ஜெபிக்கவும் இடம் கேட்கலாம். பெரும்பாலான பங்குத்தந்தையர் மறுப்பதில்லை. இன்னொன்று, உங்கள் ஆலயத்தில் திருமணம். இதற்கு மாப்பிள்ளை தம் ஆயரிடம் சடங்கு முறையிலிருந்து விலக்குப் பெற வேண்டும். பெண் வீட்டாரின் கடும் எதிர்ப்பு போன்ற காரணங்கள் இருந்தால் அதைக் கொடுக்க ஆயருக்கு அதிகாரம் உண்டு. பலருக்கு இந்த வழி இருப்பதே தெரிவதில்லை. உங்கள் அப்பாவின் பிடிவாதத்திற்கு இதுதான் நேர்மையான பதிலாக இருக்கக்கூடும். விலக்கு வாங்காமல் உங்கள் ஆலயத்தில் கட்டினால், நாட்டின் சட்டப்படி அது முழுமையான திருமணம்; அவருடைய திருச்சபையின் கண்ணில் மட்டும் செல்லாது, அவர் நற்கருணை வாங்க முடியாமல் போகும். அவருடைய அம்மாவுக்கு அது எப்படி இருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

நாட்டின் சட்டம்

1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் முன் நீங்கள் இருவரும் கிறிஸ்தவர்கள். எந்தக் கோவிலில் கட்டினாலும் திருமணம் ஒன்றே. சபை மாறினால் சொத்தில் பங்கு போய்விடும் என்று யாராவது மிரட்டினால் நம்ப வேண்டாம். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் இரு சபையாருக்கும் ஒன்றுதான், அதில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. அப்பா தம் சொந்தச் சம்பாத்தியத்தை உயில் எழுதி வேறு யாருக்காவது கொடுத்தால் அதைத் தடுக்க முடியாது; அதற்குச் சபை மாற வேண்டியதும் இல்லை.

விவாகரத்தைப் பற்றிய அப்பாவின் பயத்தில் பாதி உண்மை. ஞானஸ்நானம் பெற்ற இருவரின் திருமணம் திருவருட்சாதனம், அதை முறிக்க முடியாது என்பதே கத்தோலிக்க நிலைப்பாடு. உங்கள் திருமணத்தையும் அது அப்படியே பார்க்கும். ஆனால் நீதிமன்றத்தில் நிவாரணம் தேடும் உரிமை 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டத்தின்கீழ் இருவருக்கும் சமமாக இருக்கிறது. 2001 திருத்தத்திற்குப் பின் பரஸ்பரச் சம்மத விவாகரத்தும் உண்டு. திருச்சபைத் தீர்ப்பாயம் ஒரு திருமணம் செல்லாது என்று அறிவித்தாலும், சட்டப்படியான திருமணத்தை அது கலைத்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1996இலேயே சொல்லிவிட்டது. இதை ஏதோ நடக்கப்போகிறது என்பதற்காகச் சொல்லவில்லை. அப்பாவிடம் பேசும்போது கையில் விவரம் இருக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று

செயற்கைக் கருத்தடையை 1968இல் கத்தோலிக்கத் திருச்சபை மறுபடியும் உறுதியாக மறுத்தது. செயற்கைக் கருத்தரிப்பு முறைகளையும் அது ஏற்பதில்லை. புராட்டஸ்டன்ட் சபைகள் பெரும்பாலும் குடும்பக் கட்டுப்பாட்டைத் தம்பதியின் மனச்சாட்சிக்கு விட்டுவிடுகின்றன. உங்கள் மாப்பிள்ளை இதை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்கிறவர் என்பது மாதாவைப் பற்றிய அவருடைய பக்தியைவிட உங்கள் வாழ்வை அதிகம் பாதிக்கும். திருமணத் தயாரிப்புப் பயிற்சியில் கட்டாயம் இந்தப் பேச்சு வரும். அங்கே போய் முதல் தடவையாகக் கேள்விப்பட வேண்டாம்.

அடுத்து செய்ய வேண்டியவை இவை. உங்கள் ஞானஸ்நான, திடப்படுத்தல் சான்றிதழ்களை எடுத்து வையுங்கள். வாக்குறுதியைப் பற்றி இருவரும் தனியே பேசி ஒரு முடிவுக்கு வந்த பிறகு, முதலில் உங்கள் போதகரையும் பிறகு அவருடைய பங்குத்தந்தையையும் சேர்ந்தே போய்ப் பாருங்கள். தனித்தனியாகப் போனால் இரு பக்கமும் பாதி விஷயம்தான் போய்ச் சேரும். அனுமதியோ விலக்கோ எழுத்தில் கைக்கு வந்த பின்புதான் மண்டபத்திற்கு முன்பணம் கொடுங்கள். இரு கோவில்களிலும் மூன்று ஞாயிறு ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கக் காலம் விட்டுத் தேதி வையுங்கள். திருமணம் முடிந்ததும், கோவில் கொடுக்கும் சான்றிதழோடு சார்பதிவாளர் அலுவலகத்திற்குப் போய், தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் குறிப்பிடும் 90 நாட்களுக்குள் பதிவு செய்துவிடுங்கள்.